சுஷிச் சோற்றின் பதம்: நான்கு ஞாயிற்றுக்கிழமைகளின் பதிவு

டோக்கியோவின் கிழக்கே, எதொகாவா வட்டத்து நிஷி கசாயில் குடியேறிய பிறகும் ஏழு மாதங்கள் வரை நான் சுஷியைத் தொடவில்லை. தூத்துக்குடியில் வளர்ந்தவனுக்கு மீன் புதிதல்ல. ஆனால் மீன் என்றால் உப்பும் மஞ்சளும் போட்டு மூன்று முறை அலசி, குழம்பிலோ எண்ணெயிலோ முழுவதுமாக வெந்த பிறகுதான் தட்டுக்கு வரவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பச்சை மீன் என்ற சொல்லே எனக்கு ஏலக்கூடத்தையும் ஐஸ் பெட்டியையும் நினைவூட்டுமே தவிர, சாப்பாட்டை நினைவூட்டியதில்லை. அக்டோபர் மாதத்தில் அலுவலக நண்பர்கள் அழைத்ததால், தட்டுகள் சுழன்று வரும் ஒரு சுஷிக் கடையில் முதன்முறையாக உட்கார்ந்தேன். இந்த முறையை ஒசாகாவில் உணவகம் நடத்திய ஷிராயிஷி யோஷியாகி என்பவர், பீர் ஆலையில் புட்டிகள் பட்டையில் நகர்ந்து செல்வதைப் பார்த்து வடிவமைத்து, 1958இல் ஹிகாஷி ஒசாகாவில் தொடங்கினார் என்று நண்பர்களில் ஒருவர் சொன்னார்.

முதலில் எடுத்தது மகுரோ, அதாவது நம் ஊர்ச் சூரை மீனின் உறவு. நாற்றம் அடிக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வாயில் வைத்தேன். நாற்றம் எதுவும் இல்லை. மீன் குளிர்ச்சியாகவும் வழுவழுப்பாகவும் இருந்தது, அவ்வளவுதான். என்னை நிறுத்தியது மீனுக்குக் கீழே இருந்த சோறு. அது சூடாகவும் இல்லை, ஆறிப் போகவும் இல்லை. உடம்புச் சூட்டில் இருந்தது. இலேசான புளிப்பு, அதன் பின்னால் ஒரு இனிப்பு, கடைசியில் உப்பு. விரலால் எடுத்தபோது கட்டியாக நின்ற சோறு, நாக்கில் பட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிந்தது. இப்படிப்பட்ட சோற்றை நான் அதுவரை உண்டதில்லை. வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அந்த மேசையிலேயே வந்துவிட்டது.

சுஷி என்ற சொல்லுக்கு மீன் என்று பொருள் இல்லை. அது புளிப்பைக் குறிக்கும் பழைய ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. கடைக்காரர்கள் சோற்றை ஷாரி என்றும், மேலே வைப்பதை நெத்தா என்றும் சொல்கிறார்கள். ஷாரி என்பது புத்தரின் திருவுடல் எச்சத்தைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து, அதாவது நாம் சரீரம் என்று சொல்கிறோமே அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். வெண்மையான சிறு மணிகள் என்ற ஒப்புமைதான் காரணமாம். சுஷியின் மிகப் பழைய வடிவத்தில் சோறு உண்பதற்காக வைக்கப்படவே இல்லை. ஷிகா மாகாணத்து பிவா ஏரிக் கரையில் இன்றும் செய்யப்படும் புனாசுஷியில், உப்பிட்ட ஏரி மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் வைக்கிறார்கள். சோறு புளித்து உண்டாகும் அமிலம் மீனைக் கெடாமல் காக்கிறது. குழைந்துபோன சோற்றை வழித்துவிட்டு மீனைத்தான் உண்பார்கள். நம் பழைய சோற்றுப் பானையில் ஓரிரவில் நடக்கும் அதே லாக்டிக் புளிப்புதான் அங்கே நெடுங்காலம் நடக்கிறது. பிற்காலத்தில் காத்திருக்கப் பொறுமையில்லாமல், அந்தப் புளிப்பை வினிகரால் கொடுக்கத் தொடங்கினார்கள். 1820களில் எதோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஹனாயா யோஹெய் என்ற சமையற்காரர் வினிகர் கலந்த சோற்றைக் கையால் பிடித்து மேலே மீன் வைத்து உடனுக்குடன் கொடுத்ததைத்தான் இன்றைய நிகிரிச் சுஷியின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். மீனைக் காப்பதற்காக இருந்த சோறு இவ்வாறு உண்பதற்குரிய சோறாக மாறியது. இதைப் படித்த பிறகு, என் முயற்சியில் மீனுக்கு முன்னால் சோற்றைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் செய்த பிழை மிகப் பெரியது. நிஷி கசாயில் இந்தியக் குடும்பங்கள் பல இருப்பதால் இந்திய மளிகைக் கடைகளும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் எப்போதும் பொன்னிப் புழுங்கலரிசி உண்டு. அரிசி எதுவாக இருந்தால் என்ன, குழைய வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று எண்ணி, பிரஷர் குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூடுதலாக விட்டு இறக்கினேன். ஆறியதும் வினிகர் ஊற்றிப் பிசைந்து, நோரி என்ற கடற்பாசித் தாளில் பரப்பி, நடுவில் வெள்ளரிக்காய்த் துண்டை வைத்து மூங்கில் பாயால் சுருட்டினேன். சுருள் பார்வைக்குச் சரியாகவே இருந்தது. கத்தி பட்டதும் சோறு இரண்டு பக்கமும் பிதுங்கி வெளியே வந்தது. மிச்சம் நின்றவை கையில் எடுக்கும்போதே உதிர்ந்தன. வெளிப்புறம் கஞ்சிப் பசையாகவும் உள்ளே பருக்கைகள் ஒன்றோடொன்று சேராமலும் இருந்த விந்தையான நிலை அது.

காரணம் அரிசியிலேயே இருக்கிறது. மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு கூறுகள் உண்டு. அமைலோஸ் மிகுந்த அரிசி உதிரியாக வேகும். அது குறைந்த அரிசி ஒட்டும். பொன்னி முதல் வகையைச் சேர்ந்தது. ஜப்பானியக் குட்டை அரிசி இரண்டாம் வகை. போதாக்குறைக்குப் புழுங்கலரிசியை நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைப்பதால் பருக்கை இறுகிவிடுகிறது. நாம் தலைமுறை தலைமுறையாகச் சோறு உதிர் உதிராக இருக்கவேண்டும் என்பதற்காகவே இத்தனை வேலையும் செய்து வந்திருக்கிறோம். அந்த அரிசியிடம் போய் ஒட்டு என்று கேட்பது நியாயமில்லை. சுருட்டிய நான்கில் ஒன்றுகூட முழுதாக நிற்காததால், அன்று அதைத் தட்டில் கொட்டி ஊறுகாயோடு சாப்பிட்டோம்.

இரண்டாம் ஞாயிறுக்கு முன் கோஷிஹிகாரி அரிசியில் இரண்டு கிலோ பை வாங்கினேன். 1956இல் பெயரிடப்பட்ட இந்த ரகம் ஜப்பானில் மிகப் பரவலாகப் பயிராவது. நீகதா மாகாணத்து அரிசிக்குத் தனி மதிப்பு உண்டு. பருக்கை குட்டையாக, சற்றே கண்ணாடி போல் ஒளி ஊடுருவுவதாக இருக்கும். பையில் ஷின்மாய் என்று ஒரு ஒட்டுச்சீட்டு இருந்தது. புது அறுவடை அரிசி என்று பொருள். புதியது என்றால் நல்லதுதானே என்று எடுத்துக்கொண்டேன். தண்ணீரை நம் வழக்கப்படி அரிசிக்கு மேல் ஆள்காட்டி விரலின் முதல் கணு அளவுக்கு வைத்தேன். வெந்து வந்தபோது மூடியைத் திறந்ததும் பொங்கல் போல இருந்தது.

அன்று மாலை அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது இதைச் சொன்னேன். "ஏல, புது அரிசின்னா தண்ணியக் கொறைச்சு வைக்கணும்னு தெரியாதா? அதுக்குத்தான நாம பழைய அரிசியாப் பாத்து வாங்குதோம்" என்றார். சுஷி என்றால் என்னவென்று அறியாத அம்மா சொன்னதையேதான் இங்குள்ள சுஷிக் கடைக்காரர்களும் சொல்கிறார்கள் என்பது பிறகு தெரியவந்தது. புது அரிசியில் ஈரம் கூடுதல். அது ஒட்டும், ஆனால் வினிகரை உள்ளே வாங்காது. ஆகவே பல கடைகளில் முந்தைய ஆண்டின் அரிசியைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அல்லது பழையதையும் புதியதையும் கலந்து வைக்கிறார்கள்.

அன்றே இன்னொரு பிழையும் சேர்ந்துகொண்டது. கடையில் நான் எடுத்த புட்டி வெறும் அரிசி வினிகர் இல்லை; அது சுஷிசு, அதாவது சர்க்கரையும் உப்பும் ஏற்கெனவே கலந்த வினிகர். புட்டியின் முகப்பில் இருந்த எழுத்துகளை முழுதாக வாசிக்காமல், மேலும் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் ஒரு தேக்கரண்டி உப்பும் சேர்த்துவிட்டேன். சோறு தித்திப்பாகவும் கரிப்பாகவும் ஆகி, மூன்றாவது வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஜப்பானில் வினிகர் வாங்குகிறவர்கள், கோமெசு என்றால் வெறும் அரிசி வினிகர், சுஷிசு என்றால் கலந்தது என்ற இந்த ஒரு வேறுபாட்டை மட்டுமாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வாரத்தில் எங்கள் மாடிக் குடியிருப்பின் எதிர் வீட்டு மூதாட்டி, மின்தூக்கியில் என் கையிலிருந்த மூங்கில் பாயைப் பார்த்துவிட்டு விசாரித்தார். என் அரைகுறை ஜப்பானியத்தில் நடந்ததைச் சொன்னேன். சனிக்கிழமை மாலை தம் வீட்டுக்கு வந்து பார்க்கும்படி அழைத்தார். நான் நான்கு ஞாயிறுகளில் கற்றவற்றுள் பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணால் கண்டதுதான்.

அவர் அரிசியைக் கழுவிய விதமே வேறாக இருந்தது. முதல் தண்ணீரை ஊற்றியதும், ஒரு சுற்றுக் கிளறி, நொடிப் பொழுதில் வடித்துக் கொட்டினார். காய்ந்த அரிசி முதலில் படும் தண்ணீரை வேகமாக இழுத்துக்கொள்ளும் என்பதால், தவிட்டு வாடையுள்ள நீரில் அதை நிற்க விடக்கூடாது. பிறகு தண்ணீர் இல்லாமல், விரல்களைப் பந்தைப் பிடிப்பது போல் வளைத்துக்கொண்டு, ஈர அரிசியை ஒரே திசையில் இருபது முறை சுற்றினார். மீண்டும் தண்ணீர், வடித்தல், சுற்றுதல். நான்காம் தண்ணீரில் அரிசி மங்கலாகத் தெரிந்தது. அதுவே போதும், கண்ணாடித் தெளிவு வரும்வரை கழுவத் தேவையில்லை என்றார். வடிதட்டில் சற்று நிறுத்தி, பிறகு அளந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தார். குளிர்காலத்தில் ஒரு மணி நேரமாம்.

சோறு வெந்ததும் பத்து நிமிடம் புழுங்க விட்டு, ஹங்கிரி எனப்படும் அகலமான மரத் தொட்டியில் குவித்தார். தொட்டியை முன்பே நீரில் நனைத்துத் துடைத்து வைத்திருந்தார். ஆவி பறக்கும் அந்தக் குவியலின் மேல், ஷாமோஜி என்ற தட்டையான மரக் கரண்டியைக் கிடையாகப் பிடித்து, வினிகர்க் கலவையை அதன்மேல் விழச்செய்து பரவலாக வடியவிட்டார். அரை நிமிடம் ஒன்றும் செய்யாமல் நின்றார். பிறகு கரண்டியின் விளிம்பால் சோற்றைக் கிளறாமல், வெட்டினார்; மண்ணை மண்வெட்டியால் கீறுவது போல் சாய்வாகக் கீறி, அடியிலிருந்து புரட்டிப் போட்டார். ஒரு பருக்கையும் நசுங்கவில்லை. அது முடிந்ததும் என் கையில் ஒரு விசிறியைக் கொடுத்து வீசச் சொன்னார். நான் வீச வீச, பருக்கைகளின் மேல் ஈரமாக நின்ற பூச்சு மெல்ல இறுகி, ஒவ்வொரு பருக்கையும் எண்ணெய் தடவியது போல் மினுங்கத் தொடங்கியதைப் பார்த்தேன். மூன்று நிமிடம் கூட ஆகியிருக்காது. விசிறியை நிறுத்தச் சொல்லி, ஈரத்துணியால் மூடி வைத்தார். நான் இரண்டு முறையும் ஆறிய சோற்றில் வினிகர் ஊற்றிப் பிசைந்திருந்தேன். சூட்டில்தான் பருக்கை வினிகரை உள்ளே வாங்கும், ஆறியபின் ஊற்றினால் அது வெளியே குட்டையாக நிற்கும் என்பது அந்த மினுக்கத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

மூன்றாம் ஞாயிறு எல்லாவற்றையும் அளந்து செய்தேன். இங்கே அரிசியை கோ என்ற படியால் அளக்கிறார்கள். ஒரு கோ 180 மில்லிலிட்டர், எடையில் ஏறத்தாழ 150 கிராம். இரண்டு கோ அரிசிக்கு 360 மில்லிலிட்டர் தண்ணீர் என்பது சுஷிக்குரிய பொதுவான அளவு. சாதாரணச் சோற்றுக்கு இதைவிடக் கூடுதலாக வைப்பார்கள். என்னுடையது புது அரிசி என்பதால் 345 வைத்தேன். ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில் கொம்பு என்ற கடற்பாசித் துண்டு ஒன்றையும் ஊறும்போதே போட்டு, சோறு வெந்ததும் எடுத்துவிட்டேன். வினிகர்க் கலவைக்கு வெறும் அரிசி வினிகர் 60 மில்லிலிட்டர், சர்க்கரை 18 கிராம், உப்பு 6 கிராம். சர்க்கரை கரையும் வரை இளஞ்சூடு காட்டினால் போதும். கொதிக்கவிட்டால் வினிகரின் மணம் போய்விடும்.

மரத் தொட்டிக்குப் பதிலாக எங்களிடம் இருந்தது ஊரிலிருந்து கொண்டுவந்த தாம்பாளங்கள் இரண்டு. பித்தளையைக் கையில் எடுத்துவிட்டு உடனே கீழே வைத்தேன். புளியைத் தேய்த்தால் பித்தளை பளபளக்கிறது என்றால் அமிலம் உலோகத்தைக் கரைக்கிறது என்றுதானே பொருள், வினிகரும் அதையே செய்யும். எவர்சில்வர்த் தாம்பாளம் பாதுகாப்பானது. ஆனால் மரம் மிகுதியான ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், எவர்சில்வர் உறிஞ்சாது. தாம்பாளத்தின் ஓரத்தில் வினிகர் தேங்கியதைக் கண்டேன். கலவையை மூன்று தவணைகளாக ஊற்றி, கடைசித் தவணையில் ஒரு மேசைக்கரண்டியை மிச்சம் வைத்தபோது சரியாக வந்தது. என் மனைவி பழைய நாட்காட்டி அட்டையால் விசிறினார். சோறு மினுங்கியது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன், நடுவில் சுண்ணாம்புப் புள்ளி இல்லை, விரலில் பசையும் இல்லை.

அன்று கப்பா மகி என்ற வெள்ளரிக்காய்ச் சுருளை மட்டும் செய்தேன். நோரி என்பது ஒருவகைக் கடற்பாசியை அரைத்துத் தாள் போல் காயவைத்தது. முழுத் தாள் 21க்கு 19 சென்டிமீட்டர். மெல்லிய சுருளுக்குப் பாதித் தாள் போதும். இரண்டு முகங்களில் வழுவழுப்பானது வெளியே இருக்கும்படியும் சொரசொரப்பானது சோற்றின் பக்கம் இருக்கும்படியும் வைக்க வேண்டும். உறை திறந்து சில நிமிடங்களிலேயே நோரி காற்றின் ஈரத்தில் தொய்ந்துவிடும். அப்பளத்தைத் தணலில் காட்டுவது போல், அடுப்பின் மேல் சற்று உயரத்தில் இரண்டு முறை காட்டி எடுத்தால் மறுபடி மொறுமொறுப்பாகும். முதல் சுருளில் 120 கிராம் சோறு வைத்துவிட்டதால், சுற்றும்போதே தாள் முதுகில் பிளந்தது. தராசில் 80 கிராமாகக் குறைத்து, தூர விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் வெறும் தாளாக விட்டு, வெள்ளரிக்காயின் விதைப் பகுதியை நீக்கிக் கீற்றாக வைத்துச் சுருட்டியபோது, ஓரங்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அழுத்தாமல், இழுத்து அறுக்க வேண்டும். ஆறு துண்டுகளும் நின்றன. ஒன்றும் உதிரவில்லை.

அதன் பிறகுதான் மீனுக்கு வந்தேன். இந்த இடத்தில் நம்மவர்களுக்குச் சற்று அழுத்தமாகச் சொல்லவேண்டிய செய்தி இருக்கிறது. கடல் மீன்களில் அனிசாகிஸ் என்ற புழு உண்டு. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் போல் இருக்கும். உயிரோடு வயிற்றுக்குள் போனால் இரைப்பைச் சுவரைத் துளைத்துக் கடும் வலியை உண்டாக்கும். வினிகரோ, உப்போ, சுஷியோடு வரும் வசாபி என்ற காரமான பச்சை விழுதோ அதைக் கொல்லாது. பூச்சியம் பாகைக்குக் கீழ் 20 செல்சியஸில் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் உறையவைக்கவேண்டும், அல்லது வேகவைக்கவேண்டும் என்பது ஜப்பானிய அரசின் அறிவுரை. கானாங்கெளுத்தி இனத்து மீன்களில் இந்தப் புழு அடிக்கடி காணப்படுகிறது. புத்தம்புதிய மீன் என்பதும் பச்சையாக உண்ணத் தகுந்த மீன் என்பதும் ஒன்றல்ல. ஜப்பானியக் கடைகளில் பொட்டலத்தின் மேல் பச்சையாக உண்பதற்கு என்றும், வேகவைப்பதற்கு என்றும் தனித்தனியே அச்சிட்டிருப்பார்கள். முதல் வகையைத்தான் வாங்கவேண்டும். இன்று எல்லாச் சுஷிக் கடையிலும் காணும் சால்மன்கூட ஜப்பானியர்கள் பழங்காலத்திலிருந்து பச்சையாக உண்டதல்ல. கட்டுப்படுத்திய தீவனத்தில் வளர்க்கப்படும் நார்வேப் பண்ணைச் சால்மன் 1980களில் வரத் தொடங்கிய பிறகுதான் அது சுஷியின் மேல் ஏறியது. ஆகையால், ஊரில் இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் சந்தை மீனையோ துறைமுகத்து மீனையோ பச்சையாக வைக்க வேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். ஆற்று மீன், குளத்து மீன் எதையும் ஒருபோதும் கூடாது. வேகவைத்த இறாலும், சற்றே இனிப்பான முட்டைப் பொரியலும், வெள்ளரிக்காயும் உண்மையான சுஷிதான்.

நான்காம் ஞாயிறு, பச்சையாக உண்பதற்குரிய சூரையின் சிவப்புச் சதையை 200 கிராம் கட்டையாக வாங்கினேன். டோக்கியோவுக்கு எதோ என்று பெயர் இருந்த, ஐஸ் பெட்டிகள் இல்லாத காலத்தில் சூரையைச் சோயாச் சாற்றில் ஊறவைத்து வைத்திருப்பார்கள். அதற்கு சுகே என்று பெயர். சோயாச் சாறு மூன்று பங்கும் மிரின் என்ற இனிப்பு அரிசி மது ஒரு பங்கும் கொதிக்கவைத்து ஆறவிட்டு, வெட்டிய துண்டுகளை அதில் பத்து நிமிடம் போட்டு எடுத்தேன். மீனை நார்ப்போக்குக்குக் குறுக்கே, கத்தியைச் சாய்த்து, குதியிலிருந்து முனை வரை ஒரே இழுப்பாக இழுத்து வெட்டவேண்டும். முன்னும் பின்னும் அறுத்தால் வெட்டு முகம் கிழிந்து சொரசொரப்பாகிறது. என் முதல் நான்கு துண்டுகள் அப்படித்தான் ஆயின. கத்தியைக் கல்லில் தீட்டிவிட்டு வந்து மீதியை வெட்டினேன்.

நிகிரி பிடிப்பதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. தண்ணீரில் சிறிது வினிகர் கலந்து உள்ளங்கையில் தொட்டுக்கொள்ள வேண்டும். கூடினால் சோறு வழுக்கும், குறைந்தால் கையெல்லாம் ஒட்டும். எங்கள் கைகள் பிடிகொழுக்கட்டை பிடித்துப் பழகியவை. நான்கு விரலும் பதிய அழுத்திவிடுகின்றன. முதல் மூன்றை வாயில் போட்டபோது சோறு உருண்டையாகவே நின்றது, மீன் தனியாகக் கரைந்து போனது. தராசில் வைத்தால் ஒவ்வொன்றும் 25 கிராமுக்கு மேல் இருந்தது. பிறகு 18 கிராம் எடுத்து, இடது விரல்களின் மேல் மீனை வைத்து, அதன்மேல் சோற்றை வைத்து, வலது கையின் இரண்டு விரல்களால் மேலே தொட்டு, கட்டைவிரலால் நடுவில் சிறு குழி செய்து, திருப்பிப் போட்டு, இரு பக்கமும் ஒருமுறை அணைத்துவிட்டு நிறுத்தினேன். உள்ளே காற்று நிற்கவேண்டும். தட்டில் வைத்ததும் சோறு மீனின் கனத்தில் ஒரு நூலளவு தாழ்ந்தது. அதை எடுத்து வாயில் வைத்தபோது, அக்டோபரில் கடையில் பிரிந்தது போலவே பருக்கைகள் பிரிந்தன.

சோயாச் சாற்றைச் சோற்றுப் பக்கம் தொடக்கூடாது. சோறு அதைக் குடித்து உடைந்துவிடும். கவிழ்த்துப் பிடித்து மீனின் நுனியை மட்டும் தொட்டுக்கொள்ள வேண்டும், அதற்குக் குச்சிகளைவிடக் கையே வசதி, கையால் உண்பது இங்கும் முறைதான். வசாபியின் காரம் மிளகாயைப் போல நாக்கில் நிற்பதில்லை, மூக்கில் ஏறி ஒரு நொடியில் இறங்கிவிடுகிறது. கடுகை அரைக்கும்போது எழும் அதே ஆவியாகும் பொருள்தான் வசாபியிலும் இருப்பதால், கடுகரைத்த பச்சடி உண்டவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

அன்று கும்பகோணத்து நண்பர் குடும்பம் வருவதாக இருந்தது, அவர்கள் சைவம். அவர்களுக்காகக் கம்ப்யோ மகி செய்தேன். கம்ப்யோ என்பது சுரைக்காயேதான். பெரிய சுரைக்காயை நீண்ட நாடாக்களாகச் சீவிக் காயவைக்கிறார்கள், ஜப்பானில் பெரும்பகுதி தொசிகி மாகாணத்தில் விளைகிறது. சுரைக்காய் வற்றல் என்று சொன்னால் நமக்கு எளிதில் புரியும். 20 கிராமை உப்புப் போட்டுத் தேய்த்து அலசி, கால் மணி நேரம் நகம் பதியும் வரை வேகவைத்து, சோயாச் சாறு, சர்க்கரை, மிரின் சேர்த்து நீர் வற்றும் வரை சிறு தீயில் வைத்தேன். வழக்கமாக இதில் தாஷி என்ற சாற்றைச் சேர்ப்பார்கள். அது பெரும்பாலும் கட்சுவோபுஷி போட்டுச் செய்வது. நம் கடற்கரையில் மாசி என்று சொல்லும் காய்ந்த சூரையின் நெருங்கிய உறவு அது. சைவர்கள் வெளிக் கடைகளில் காய்கறிச் சுருள் என்று நம்பி வாங்கும்போது இந்த ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். நான் கொம்புக் கடற்பாசியை மட்டும் ஊறவைத்த நீரைச் சேர்த்தேன். நண்பரின் தாயார் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "இது நம்ம சுரைக்காயா? அப்ப அந்தப் பக்குவத்த எனக்கு எழுதிக் குடுத்துடுப்பா" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு கோ அரிசியில் நான்கு சுருளும் பதினாறு நிகிரியும் போக ஒரு கிண்ணம் சோறு மீந்தது. சுஷிச் சோற்றைக் குளிர்பெட்டியில் வைத்தால் மாவுச்சத்து இறுகி, காலையில் மணல் போல் நறநறக்கும். அன்றிரவே மேலே எள்ளும் மீந்த வெள்ளரிக்காயும் தூவிச் சாப்பிட்டு முடித்தோம். குறிப்பேட்டில் அடுத்த தடவைக்காக எழுதி வைத்திருப்பது: உப்பு 6 கிராமிலிருந்து 5, புது அரிசிப் பை தீர்ந்ததும் தண்ணீர் மறுபடி 360, மரத் தொட்டி ஒன்று வாங்க வேண்டும்.